ஓனரிடம் ஒரு வார்த்தை

"எல்லாம் சரி தம்பி. இப்ப நீங்க இருக்கிற வீட்டு ஓனர்கிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிறேன். நம்பரச் சொல்லுங்க" என்றார் சிகப்பி அம்மா.

கதிர்காமநாதனின் கை சட்டைப்பை வரைக்கும் போய் அப்படியே நின்றுவிட்டது.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள, சிகப்பி அம்மாவுக்குச் சொந்தமான வீடு. நிலத்தோடு இருந்தது. ஒரு படிகூட இல்லை. வாசலில் நிலை மட்டும் கொஞ்சம் உயரம். அதையும் கௌசிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் பார்த்துவிட்டு, "இது போதுமப்பா" என்று கண்ணால் சொல்லிவிட்டாள்.

ஆனால் அது எல்லோருக்கும் போதுமானதாகத்தான் இருந்தது. வெளியே செருப்புகளைக் கழற்றிவிட்டு இன்னும் நான்கு குடும்பங்கள் நின்றன. ஒரு பெண் யன்னலைச் சாணால் அளந்து திரைச்சீலைக்குக் கணக்குப் பார்த்தார். கனடாவிலிருந்து வந்த ஒருவர் கைபேசியில் யாருக்கோ சமையலறையைக் காட்டி, "இதுதான் இனி எங்கட கிச்சின்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓனரோ? எங்கட ஓனரோ?" என்று நாதன் கேட்டான்.

"ஆமா. உங்களப் பத்தி உங்க ஓனருக்குத்தானே தெரியும்?"

மூலையில் நின்ற புரோக்கர் ஹமீட், "குடுங்க சேர். உண்மையான நம்பரயே குடுங்க" என்றார்.

பொய்யான நம்பர் என்று ஒன்று இருக்கலாம் என்ற யோசனையே நாதனுக்கு அப்போதுதான் வந்தது.

நாதன் குடியிருந்தது கொட்டாஞ்சேனையில், மீரா சாஹிப் ஹாஜியாரின் கட்டடத்தில், நாலாம் மாடியில். லிப்ட் கிடையாது. கீழே குடியிருக்கும் ஹாஜியாரின் வாயிலிருந்து இத்தனை வருடத்தில் ஒரு நல்ல வார்த்தை வந்து நாதன் கேட்டதில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் ஏச்சு. சத்தம் கேட்காவிட்டால், "கள்ளன் மாதிரிப் போறது ஆரு?" என்று ஏச்சு. சென்ற மாதம் கௌசிகா சந்தைக்குப் போய் வந்து மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்தபோது, "படியில குந்தினா மத்தாக்கள் எப்பிடிப் போற?" என்று அதற்கும் ஏச்சு. அவளுக்கு அப்போது ஆறு மாதம்.

இனிப் படி ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். "அப்ப பறக்கிறதோ டொக்டர்?" என்று கௌசிகா கேட்டாள். டொக்டர் சிரிக்கவில்லை. போன முறையும் இப்படித்தான் தொடங்கியது, இந்த முறை கவனம் என்றார்.

அன்றிலிருந்து நாதன் வீடு தேடினான். ஒரு வீடு அவர்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. பாமன்கடையில் ஒருவர், பிள்ளை இல்லாத குடும்பத்துக்குத்தான் கொடுப்பேன் என்று சொல்லி, கௌசிகாவின் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கதவை மிகவும் மரியாதையாக மூடினார். அந்த நேரத்தில்தான் ஹமீட் தானாகவே போன் எடுத்து, "சேர், கீழ்மாடியில ஊடு ஒண்டு ஈக்கி" என்றார். நம்பரை யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, "ஒரு ஆள் தந்த சேர்" என்று சொல்லிவிட்டார். புரோக்கர் காசு எவ்வளவு என்று கேட்டதற்கும், "அது பாப்பம் சேர்" என்பதுதான் பதில்.

இந்த வீட்டையும் விட்டால் வேறு வீடில்லை.

"ஓனர் பேரு?" என்று சிகப்பி அம்மா கேட்டார்.

"மீரா சாஹிப்." பயத்தில் பெயர் உண்மையாக வந்துவிட்டது.

நம்பர் சொல்லும்போது நாக்கு சுதாரித்துக்கொண்டது. கௌசிகாவின் தம்பி அசோக்குமாரின் நம்பரைச் சொன்னது.

ஹமீட் தலையில் கை வைத்துக்கொண்டார். நாதனின் கை, என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கத் தொடங்கியது. மெயின் வீதியில் குழாய்ச் சாமான் கடையில் வேலை செய்கிறவன். மனம் பதறினால் கை குழாயைத் தேடும்.

ஒழுங்கை முனைக்கு வருவதற்கு முன்னமே மச்சானுக்குப் போன் எடுத்தான்.

"அசோக், ஒரு அம்மா உனக்கு எடுப்பா. நீ இப்ப மீரா சாஹிப்."

"ஆர் அத்தான்?"

"எங்கட ஓனரடா."

"அந்த ஏசுற மனுசனோ? நானும் ஏசட்டோ?"

"ஐயோ, ஏசாத! எங்களப் பற்றி நல்லாச் சொல்லு."

"எவ்வளவு நல்லா?"

"உன்ர அக்காவின்ர நிலைமைய யோசிச்சுச் சொல்லு."

அசோக்குமார் ஆயுள் காப்புறுதி விற்பவன். ஒன்றைப் புகழத் தொடங்கினால் எதிரே இருப்பவர் கையெழுத்து வைக்கும்வரை அவனுக்கு நிறுத்தத் தெரியாது.

பின்னேரம் அவனே எடுத்தான். "பூந்து விளையாடிட்டன் அத்தான்! தங்கக் கட்டி எண்டன். இப்பிடி ஒரு குடும்பம் கொழும்பிலயே இல்லை எண்டன். நீங்கள் ஓம் எண்டா நாளைக்கே லொறி பிடிச்சுச் சாமான ஏத்தி அனுப்பிறன், லொறிக் காசும் என்ர எண்டன்."

"அவ என்ன சொன்னவ?"

"'அப்பிடியா' எண்டா. கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு திரும்பவும் 'அப்பிடியா' எண்டா."

இரண்டாவது 'அப்படியா' நாதனுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் சிகப்பி அம்மாவே எடுத்தார். "தம்பி, உங்க ஓனர் மீரா சாஹிப்னுதானே சொன்னீங்க? பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சா இருக்கே?"

"ஓம் அம்மா. அவர்... யாழ்ப்பாணத்து முஸ்லிம்."

"முருகன் சத்தியமா நல்ல ஆக்கள்னு சொன்னாரு."

நாதன் கடைக்குள் நின்றபடியே ஒரு குழாயைத் திறந்து மூடினான். "அவர் சின்ன வயசில கோயிலடியில இருந்தவர் அம்மா. அந்தப் பழக்கம்."

"ஓ. சரி, பாப்போம். இன்னும் ரெண்டு பேர் அட்வான்சோட நிக்கிறாங்க."

பாப்போம். வீடு தேடத் தொடங்கிய பிறகு நாதனுக்குத் தமிழிலேயே அதிகம் பயமான சொல் அதுதான்.

ஹமீடைக் கூப்பிட்டுக் கேட்டான். ஹமீடின் குரலில் சோர்வு தெரிந்தது. "அம்மா யோசிக்கிறாங்க சேர். ஹாஜியார்ட நம்பரக் குடுங்கண்டு நான் சொன்னனே."

"ஹாஜியார் கதைச்சா எல்லாம் முடிஞ்சுது ஹமீட் நானா!"

"அல்லாவே! அவர் கதச்சாத்தான் சேர் முடியும்" என்றார் ஹமீட்.

நாதனுக்கு அது விளங்கவில்லை. புகழ்ச்சி போதவில்லை என்றுதான் விளங்கியது. உடனே அசோக்குமாருக்கு எடுத்து, இன்னும் கொஞ்சம் சொல்லச் சொன்னான்.

அசோக்குமார் இன்னும் கொஞ்சம் சொல்லவில்லை. அழுதான்.

"போனில அழுதனியோ?" என்று கௌசிகா கேட்டாள். அன்று அவள் தம்பி வீட்டுக்கே வந்திருந்தான்.

"பின்ன? 'அந்தப் பிள்ளையள் போறத நினைச்சா நித்திரை வரேல்லை அம்மா' எண்டு தொடங்கினன். எனக்கே உண்மையா அழுகை வந்திட்டுது அக்கா."

"அதுக்கு அவ?"

"ஞாயிற்றுக்கிழமை வாறாவாம். நீங்கள் வீட்ட எப்பிடி வச்சிருக்கிறியள் எண்டு பாக்க. 'வாடகைக்காரருக்காக அழுற ஓனர் முகத்த நான் ஒருக்காப் பாக்கணும்' எண்டவ."

நாதன் எழுந்து போய், சொட்டாத குளியலறைக் குழாயை இறுக்கினான்.

"உண்மையச் சொல்லிப்போடுவமப்பா" என்றாள் கௌசிகா.

"உண்மை எண்டா ஆர் தெரியுமோ? ஹாஜியார். அந்த அம்மாவுக்கு முன்னால அவர் வாயத் திறந்தா நீர் இந்தப் படியிலதான் பிள்ள பெற வேணும்."

சொன்ன பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். கௌசிகா கீழே போய் வரும்போதெல்லாம் நாதன் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவள் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். அந்தக் கதிரையைத்தான் அவள் இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டம் போட்டார்கள். ஞாயிறு காலை ஹமீட் தன் த்ரீவீலில் ஹாஜியாரைக் கொலன்னாவைக்குக் காணி பார்க்கவென்று கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஹாஜியாரின் வாசல் விறாந்தையில், ஹாஜியாரின் பிரம்புக் கதிரையில் அசோக்குமார் உட்கார வேண்டும். சிகப்பி அம்மா வந்து, பார்த்து, போய்விட வேண்டும்.

"கூட்டிட்டுப் போறன் சேர்" என்றார் ஹமீட். "கூட்டிட்டு வாறது எப்பவெண்டு நான் சொல்ல ஏலா. அவர்ட காலு, அவர்ட இஷ்டம்."

வெள்ளியும் சனியும் கீழேயிருந்து ஹாஜியாரின் குரல் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. என்ன சொல்கிறார் என்று நாலாம் மாடிக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. ஆனால் ஏச்சு என்பது தெளிவாகக் கேட்டது. கொஞ்சம் ஏசுவார், நிற்பார், முதலிலிருந்து திரும்ப ஏசுவார். கேட்டுக்கொண்டிருப்பது அவருடைய மனைவி ஜவாஹிறா அன்ரி ஒருவர்தான்.

"பாவம் அன்ரி" என்றாள் கௌசிகா. "என்ன பிழை விட்டாவோ தெரியேல்லை."

ஞாயிறு வந்தது. ஹாஜியார் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, காணி பார்க்க ஏறினார். ஏறும்போதே, "இதுவா த்ரீவீல்? கோழிக்கூடு!" என்று ஹமீடை ஏசினார். வண்டி முடுக்குத் திரும்பியதும் நாதன் மூச்சு விட்டான்.

கௌசிகா ஜவாஹிறா அன்ரியிடம், "ஒரு ஆள் எங்களப் பாக்க வருவா அன்ரி. தம்பி கொஞ்ச நேரம் விறாந்தையில இருக்கட்டோ?" என்று மட்டும் கேட்டாள். அன்ரி ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "அதுக்கென்ன மகள், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு அவசரமாக உள்ளே போனார்.

அசோக்குமார் புதுச் சாரம் உடுத்தி வந்திருந்தான். விலை ஒட்டிய துண்டு பின்பக்கம் அப்படியே இருந்தது. நாதன் அதைக் கிழிக்கக் கை வைத்தபோது சிகப்பி அம்மாவின் வண்டி வந்து நின்றது.

அந்த அம்மா முதலில் நாலு மாடியும் ஏறினார். அறைகளைப் பார்த்தார். சமையலறையில் தண்ணீரைத் திறந்து மூடினார். சுவரைத் தடவினார். ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்து அசோக்குமாருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்கதான் மீரா சாஹிப்பா?"

"ஓம் அம்மா. தங்கமான பிள்ளையள் அம்மா."

"அது இருக்கட்டும். இந்தக் கட்டடம் எப்ப வாங்கினீங்க?"

"அப்பா... வாப்பா காலத்தில."

"வாப்பா பேரு?"

அசோக்குமார் நாதனைப் பார்த்தான். நாதன் சுவரைப் பார்த்தான்.

"மீரா சாஹிப்" என்றான் அசோக்குமார்.

"உங்க பேரும் அதுதானே?"

"எங்கட குடும்பத்தில எல்லாரும் மீரா சாஹிப்தான் அம்மா."

சிகப்பி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைத் திரும்பப் போடும்போது கேற்றடியில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. கொலன்னாவைக்கு இவ்வளவு சீக்கிரம் போய் வரும் த்ரீவீல் இந்த நாட்டில் கிடையாது. நாதனின் கை குழாயைத் தேடிற்று. விறாந்தையில் குழாய் இல்லை.

"ஆருடா அது என்ட கதிரயில?"

அசோக்குமார் எழுந்த வேகத்தில் சாரம் கூட எழவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நிலையிலும் தொழில் மறக்கவில்லை. "ஹாஜியார், ஆயுள் காப்புறுதி ஏதும் எடுத்திருக்கிறியளோ?" என்றான்.

"என்ட கதிரயில குந்திக்கிட்டு என்ட மவுத்துக்குக் கணக்குப் பாக்கிறியா?"

"நீங்க யாருங்க?" என்று சிகப்பி அம்மா கேட்டார்.

"என்ட ஊட்டு வாசல்ல வந்து நான் ஆரெண்டா கேக்கிறீங்க? நான்தான் மீரா சாஹிப்!"

"அப்ப இவரு?"

கேற்றடியில் நின்ற ஹமீட் வானத்தைப் பார்த்தார்.

"என்ர மச்சான் அம்மா" என்றான் நாதன். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சிகப்பி அம்மா அவனைப் பார்த்தார். பிறகு கௌசிகாவை, அவள் பிடித்துக்கொண்டு நின்ற பிளாஸ்டிக் கதிரையைப் பார்த்தார். ஹாஜியார் பக்கம் திரும்பி, "நல்லதாப் போச்சு. உங்ககிட்டத்தான் ஒரு வார்த்தை கேக்கணும். என் வீட்ட இவங்க வாடகைக்குக் கேக்கிறாங்க. இவங்க எப்படி?" என்றார்.

ஹாஜியார் பிரம்புக் கதிரையில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"இவனா? சொல்லுறன் கேளுங்க! மாசம் பொறந்தா விடியக்காலயில வந்து கதவத் தட்டுற. வாடகையாம்! மனிசன நிம்மதியா ஒரு தேத்தண்ணி குடிக்க விடுறல்ல!"

நாதன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பைப்பு! என்னக் கேக்காம பைப்ப மாத்துற. அவன்ட ஊட்டுப் பைப்பு மட்டுமா? ரெண்டாம் மாடி, மூணாம் மாடி, எல்லா ஊட்டுப் பைப்பும்! இது என்ட கட்டடமா, இவன்ட கடயா? முந்தி பைப்புக்காரன் ஒருத்தன் வருவான், கதச்சிட்டு ஈப்பம். இப்ப அவனும் வாறல்ல!"

"அப்புறம்?" என்று சிகப்பி அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இவள்! படியெல்லாம் கூட்டுற. ஆரு கூட்டச் சொன்ன? பொங்கலுக்குச் சக்கரப் பொங்கல் கொண்டு வந்து வைக்கிற. எனக்கு சீனி வருத்தம் ஈக்கிண்டு தெரியாதா? சட்டியோட திண்டு முடிச்சிட்டு மூணு நாள் படுத்துக் கிடந்த நான்!"

"சத்தம் கித்தம் போடுவாங்களா?"

"சத்தமா! அதான் பிரச்சின. சத்தமே இல்ல! ஊட்டுல ஆள் ஈக்கிறாங்களா இல்லயாண்டு இந்த முழங்காலோட நான் ஏறிப் பாக்க வேண்டி ஈக்கி. ஒருக்காச் சரி சண்ட பிடிக்கிறாங்களா? இல்ல! கீழ ஈக்கிற மனிசனுக்கு எப்பிடிப் பொழுது போற?" ஹாஜியார் விரலை நீட்டி முடித்தார். "இவங்களுக்கு ஊடு குடுத்தா நீங்க கெட்டீங்க. நான் சொல்லிட்டன்!"

பயந்தவன் காதுக்குச் சொற்கள் கேட்பதில்லை, சத்தம்தான் கேட்கும். நாதனுக்குக் கேட்டதெல்லாம் ஏச்சு மட்டுமே. வெள்ளவத்தையில் அந்த நிலத்தோடு இருந்த வாசல் ஒவ்வொரு ஏச்சுக்கும் ஒரு படி உயர்ந்து, நாலாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜவாஹிறா அன்ரி கொண்டுவந்த தேத்தண்ணியை சிகப்பி அம்மா ஆற அமரக் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வண்டி ஏறினார்.

"நான் நல்லாத்தான் கதைச்சனான் அத்தான்" என்றான் அசோக்குமார், சாரத்தைப் பிடித்தபடி.

நாதன் கதிரையைத் தூக்கிக்கொண்டு கௌசிகாவுக்குப் பின்னால் படியேறினான். மூன்றாம் திருப்பத்தில் அவள் உட்கார்ந்து நெடுநேரம் எழவில்லை. "வலிக்குதோ?" என்று கேட்டான். "இல்லையப்பா. இன்னும் எத்தின நாளைக்கு எண்டு யோசிச்சன்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் ஹமீட் எடுத்தார். "சேர், அம்மா வரட்டாம். சாவி எடுக்க."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் சேர்! கனடாக்காரர் இன்னும் போனில கிச்சினக் காட்டிட்டு ஈக்கிறார். கெதியா வாங்க!"

கடையில் சொல்லிக்கொள்ளாமலே நாதன் ஓடினான். கௌசிகாவையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய்ச் சேரும்வரை, இது யாருக்கோ போக வேண்டிய போன் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

சிகப்பி அம்மா சாவியைக் கௌசிகாவின் கையில் வைத்தார். நாதனுக்கு வாய் நிற்கவில்லை. "அம்மா, ஹாஜியார் அவ்வளவு ஏசினவர்..."

"அதுக்காகத்தான் தம்பி குடுக்கிறேன்" என்றார் அந்த அம்மா. "எத்தனையோ வருஷமா வீடு வாடகைக்கு விடுறேன். தொல்லை பிடிச்ச ஆளத்தான் ஓனருங்க தங்கம், வைரம்னு சொல்லி அடுத்தவன் தலையில கட்டுவாங்க. உங்க மச்சான் லொறிக் காசு தாரேன்னதுமே, ஆகா, இவங்களத் துரத்த அந்த மனுஷன் துடிக்கிறான்னு நெனச்சேன். அழுதாரு பாருங்க, அப்பவே வேற ஆளுக்குக் குடுக்க முடிவு பண்ணிட்டேன். சும்மா நேர்ல பாத்திட்டுச் சொல்லலாம்னுதான் வந்தேன்."

"அப்ப ஹாஜியார்..."

"நல்ல குடித்தனக்காரங்கள விட எந்த ஓனருக்கு மனசு வரும்? குத்தம் சொல்லித்தான் மறிப்பாங்க. அந்தப் பெரியவர் ஏசினது பூரா அதுதான். இன்னொண்ணு, நீங்க அன்னைக்கு வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் எங்க குழாய் சொட்டவே இல்ல." அவர் அசோக்குமாரை நினைத்திருக்க வேண்டும், சிரித்தார். "பொய்யும் ஒழுங்காச் சொல்லத் தெரியல உங்களுக்கு. வாடகைக்கு வாறவங்களுக்கு அது நல்ல குணந்தான்."

திரும்பி வரும் வழியில் கௌசிகா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அந்த மனுசன் எங்கள விட மனமில்லாமத்தான் அப்பிடிக் கத்தினவர். நாங்கள் அவரக் கொலன்னாவைக்கு அனுப்பினம்."

நாதனுக்கும் வெட்கமாக இருந்தது. வெள்ளவத்தைச் சந்தியில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கினான். பிறகு சீனி வருத்தம் நினைவு வந்து, அதைச் சின்னப் பெட்டியாக மாற்றினான். ஹமீடிடம் புரோக்கர் காசை நீட்டினான். "அது வந்துட்டு சேர்" என்று ஹமீட் வண்டியை எடுத்துவிட்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்குள் முடுக்குத் திரும்பிவிட்டார்.

ஹாஜியார் பிரம்புக் கதிரையில் இருந்தார். நாதன் பெட்டியை முன்னால் வைத்தான்.

"ஹாஜியார், வீடு கிடைச்சிட்டுது. நாங்கள் போறது உங்களுக்குக் கவலை எண்டு இப்பதான் விளங்கினது. நீங்கள் எங்கள மறிக்கத்தான் ஏசினீங்கள் எண்டு..."

"மறிக்கவா? ஒங்களயா?" ஹாஜியார் எழுந்தார். "போற நேரம் சுவத்துல ஒரு ஆணி ஈந்தாலும் நான் சும்மா ஈக்க மாட்டன்! சாமான் எறக்கக்குள்ள படி பழுதாகக் கூடாது! இவள் ஒரு சாமானும் தூக்கக் கூடாது! வெளங்கினதா?" மஸ்கட் பெட்டியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் தண்ணீர் மோட்டர் அறைப் பக்கம் போய்விட்டார்.

"பாத்தியளோ அன்ரி?" என்றாள் கௌசிகா. "இப்பவும் மனமில்லை அவருக்கு. எங்கள மறிக்கத்தான் பாக்கிறார்."

ஜவாஹிறா அன்ரி மோட்டர் அறையை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மறிக்கிறதாவது மகள்! நீ படியில குந்தி மூச்சு வாங்கினதக் கண்ட அண்டைக்கே, கீழ்மாடியில ஊடு பாருண்டு ஹமீட அனுப்பினதே அவர்தானே. அந்த அம்மா எப்பிடிப்பட்ட ஆளெண்டு ஹமீட் வந்து சொன்ன பொறகு, ஞாயித்துக்கிழம ஏசின ஏச்ச வெள்ளியும் சனியும் என்ன நிக்க வெச்சுத்தான் பழகின!"